நாலு மாதத் தொண்டைக்கட்டு

“விரல் நுனியில், ஒரு நெல்மணி அளவு இடத்துக்குள், தொடு உணர்விகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன” என்று பேச்சியம்மா வாசித்தாள். ஞானதுரை “ம்” என்றார். அமைந்திருந்து என்ன பிடுங்குகின்றன என்று கேட்க நாக்கு நுனிவரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டார். இடது ஆள்காட்டி விரல் தாளின் மேல் ஒப்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. முப்பத்தொரு வருஷமாக அந்த விரலின் அடியில் எழுத்து எழுந்து வந்திருக்கிறது. ஆறு புள்ளிக்குள் அடங்காத சங்கதி எதுவும் அவருக்கு உலகத்தில் இருந்ததில்லை. இப்போது அடியில் இருந்தது ரவை சிந்திய துணி. தாள் முழுக்க ரவை. வரி எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்பதுமட்டும் தெரிந்தது. வரி இருக்கிற இடத்தில் சொரசொரப்பு, இல்லாத இடத்தில் வழவழப்பு. இதை வைத்துக்கொண்டு பார்வையற்றோர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன் என்று ஒருத்தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், மாதம் பிறந்தால் சம்பளமும் வாங்குகிறான். பதினொன்றாம் வகுப்பு உயிரியல் புத்தகம், பிரெயில் என்கிற புள்ளி எழுத்தில் முதல் பதிப்பு, இன்று சாயங்காலத்துக்குள் கடைசிப் பாடம் இயந்திர அறைக்குப் போயாக வேண்டும். அந்தக் கடைசிப் பாடம் வேறு எதுவாகவாவது இருக்கக்கூடாதா? தவளையின் இரைப்பை, தாவரத்தின் வேர், என்ன கேடு? தொடு உணர்வாம். எவனோ எங்கிருந்தோ தன்னைத் தெரிந்துகொண்டு வேண்டுமென்றே எழுதி அனுப்பியதுபோல எரிச்சலாக இருந்தது. “அடுத்தது வாசிக்கட்டா அண்ணாச்சி?” “வாசி.”

முறைப்படி இந்த மேஜையில் நடக்கவேண்டியது தலைகீழ். விரலால் தடவி உரக்க வாசிக்கவேண்டியது அவர். அச்சுப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்தபடி “சரி, சரி” என்று சொல்லவேண்டியது அவள். விரல் என்ன சொல்கிறதோ அதுதான் தாளில் இருப்பது, கண் என்ன சொல்கிறதோ அதுதான் இருக்கவேண்டியது, இரண்டும் ஒத்துப்போனால் தாளின் மூலையில் ஒரு துளை போட்டு இந்தப் பக்கம் தள்ள வேண்டும். துளை விழுந்த தாளை யாரும் மறுபடி தொடமாட்டார்கள். அவர் போட்ட துளை அப்படி. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு வரியில் மூன்று தடவை தடுக்கி விழுந்துவிட்டு, எச்சிலைக் கூட்டி விழுங்கி, “பேச்சி, தொண்டை கட்டிக்கிட்டு. நீ வாசி, நான் தடவிட்டே வாறேன். தப்பு இருந்தா நிப்பாட்டுதேன்” என்று சொன்னார். அவள் வாசித்தாள். அன்றைக்கு மத்தியானம் சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தாள், மறுநாள் பனங்கற்கண்டு. அது கரைந்து போய் எத்தனையோ நாளாயிற்று, தொண்டை இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. நாலு மாதம் கட்டிக்கொள்ளும் தொண்டையை எந்த ஊரிலாவது யாராவது பார்த்திருக்கிறார்களா? யாரும் கேட்கவில்லை என்பதற்காக யாருக்கும் தெரியாது என்று அர்த்தமா? அதோடு விட்டாரா, அதுவும் இல்லை. சும்மா ‘ம்’ கொட்டினால் சந்தேகம் வரும் என்று பக்கத்துக்கு ஒரு தடவை கையைத் தூக்கி, “நில்லு, இந்த இடத்துல நாலாம் புள்ளி சரியா அழுந்தல” என்று ஒரு பொய்த் திருத்தம் சொல்லப் பழகியிருந்தார். இயந்திர அறையில் மாசானம் அந்தத் தாளை மறுபடி அடிப்பான். அழுந்தாத புள்ளியை அழுத்துவதற்காக, நன்றாக அழுந்தியிருந்த புள்ளி மறுபடி அழுந்தும். ஒருநாள் மாசானம் வந்து “அண்ணாச்சி விரலு இருக்கே, அது விரலு இல்ல, தராசு” என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. வெட்கத்துக்கென்று தோலில் ஒரு உணர்வி இருந்தால் அதுதான் அவரிடம் பழுதில்லாமல் வேலை செய்கிறது.

“இடக்கையில் பட்ட சேதி நரம்பிழை வழியே தண்டுவடத்தை அடைந்து மேலேறி, மூளையின் அடிப்பகுதியில் மறுபக்கத்துக்கு மாறி, வலப்பக்க மூளையைச் சென்று சேர்கிறது” என்றாள். “ம்.” எங்கே சேர்கிறது? புறப்படுகிற இடத்திலேயே தீர்ந்துபோகிறதே. தோள்வரைக்கும் போய், கழுத்துக்குள் ஏறி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தாவி என்று அத்தனை தூரம் ஒரு சேதி ஓடுகிறதாம், அதுவும் கண்ணிமைக்கிற நேரத்துக்குள். அவருடைய மூளை வலப்பக்கம் வாசலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முப்பத்தொரு வருஷம் வந்துகொண்டே இருந்தவன் ஏன் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கும். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. சர்க்கரை. மரத்துப்போவது முதலில் காலில்தான் வரும் என்றார். உள்ளங்காலில் ஒரு நூலை வைத்து “தெரியுதா, தெரியுதா” என்று கேட்டுக்கொண்டே போனார். நூலை வைத்தாரா வைக்காமலே கேட்டாரா என்று இவருக்கு இன்னும் சந்தேகம். கால் போனால் போகட்டும், காலால் யார் படிக்கிறார்கள் என்று அன்றைக்குத் தெனாவெட்டாகத்தான் வந்தார். வீட்டில் மனைவி ரூபி காலையில் ரத்தம் பார்க்கிற ஊசியை எடுத்துக்கொண்டு வருவாள். எந்த விரலிலும் குத்து, இதில் மட்டும் குத்தாதே என்று படித்துப் படித்துச் சொல்லியும், முதல் வருஷம் முழுக்க, கைக்கு வாகாக இருக்கிறதென்று அந்த இடது ஆள்காட்டி விரலையே பிடித்துக் குத்தினாள். அதனால்தான் போயிற்று என்று நாலு மாதமாக மனசுக்குள் அவளைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தார். அதனால் இல்லை என்று டாக்டர் சொல்லியாயிற்று. மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்த ஆறு வருஷம்தான் காரணம் என்று இவருக்கே தெரியும். இருந்தாலும் ரூபியைக் குற்றம் சொல்வதில் ஒரு சுகம் இருந்தது. தன்னைக் குற்றம் சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று பயம். வேறு விரலைப் பழக்கலாமே என்று தானே தனக்குச் சொல்லி வலது கை, நடுவிரல், மோதிரவிரல் என்று எல்லாவற்றையும் வீட்டில் ஒளிந்து ஒளிந்து பார்த்தாயிற்று. ஒன்றிலாவது எழுத்து எழுந்து நிற்கவேண்டுமே. எல்லாம் ரவை.

“அண்ணாச்சி, கேக்கியளா?” “கேட்டுட்டுத்தான் இருக்கேன், வாசி” என்று சள்ளென்று விழுந்தார். அவள் தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. “கவராயத்தின் இரு முனைகளையும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்து விரல் நுனியைத் தொட்டால் இரண்டாகத் தெரியும். முதுகிலோ, நான்கு சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலும் ஒன்றாகவே தெரியலாம்.” “ம்” சொல்ல மறந்துவிட்டார். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் இரண்டரை மில்லிமீட்டர். அதுதான் அவருடைய சோறு, அதுதான் மரியாதை, ஊர்க்காரர்கள் பேருக்குப் பின்னால் ‘சார்’ போடுவதும் அந்த இரண்டரை மில்லிமீட்டருக்காகத்தான். என் விரல் முதுகாகிவிட்டது என்று நினைத்தார். ஒரு மனிதன் முதுகை வைத்துக்கொண்டு மெய்ப்புத் திருத்துகிறான். சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் தொண்டையில் எதுவோ ஏறி அடைத்தது. இப்போதுதான் தொண்டை நிஜமாகக் கட்டுகிறது. “அசையாமல் இருக்கும் தொடுதலை உணர்விகள் விரைவில் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகின்றன. அணிந்திருக்கும் சட்டையை நாம் உணராதது இதனால்தான்” என்று அவள் வாசிக்கவும் சட்டை சட்டென்று உடம்பில் முளைத்தது. கழுத்துப்பட்டி உறுத்தியது, கக்கத்தில் வேர்வை, பனியனின் தையல். சொல்லும்வரைக்கும் சும்மா கிடந்ததெல்லாம் சொன்னவுடன் அரிக்க ஆரம்பித்துவிட்டது. அப்படியானால் இந்தப் பொய்யும் அசையாமல் மேலே கிடந்து கிடந்துதான் பழகிப்போயிற்றா? பழகவில்லை. ஒருநாளும் பழகவில்லை. அந்தப் பழைய இந்தியப் படத்தை நினைத்தாலே போதும். அவர் எட்டாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்தில் தடவிப் பார்க்கிற இந்திய வரைபடம் ஒன்று இருந்தது, நூல் ஒட்டிச் செய்தது. அதை எவனோ தலைகீழாக ஒட்டியிருந்தான், எவனோ சரி என்று அனுப்பியிருந்தான். வெளியிலிருந்து பெரியவர்கள் நாலு பேர் பார்வையிட வந்த அன்று, கன்னியாகுமரியைக் காட்டு தம்பி என்றார்கள். சுவரில் தொங்கிய, கண் தெரிந்தவர்கள் பார்க்கிற படத்தில் விரலை மேலே, ரொம்ப மேலே, காஷ்மீருக்கும் மேலே கொண்டுபோய் வைத்தார். அவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பாவம் குருட்டுப் பிள்ளை என்கிற சிரிப்பு. அது இன்னும் மோசம். நாற்பத்துமூன்று வருஷமாகியும் காதைவிட்டுப் போகாத சிரிப்பு. அந்த எவனோ மாதிரி ஒருத்தன் நம் பிள்ளைகளுக்கு வாய்க்கக்கூடாது என்றுதான் இந்த வேலைக்கு வந்தார். வந்து, கடைசியில், அந்த எவனோ ஆகிவிட்டார்.

பேச்சியம்மா நிறுத்தினாள். அடுத்து வாசிக்கட்டா என்று அவள் கேட்கவில்லை. சுவரில் மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. “என்ன?” என்றார். “படம் அண்ணாச்சி.” “என்ன படம்?” “மனுசன் படம். மூளையில எந்த உறுப்புக்கு எம்புட்டு இடமோ அம்புட்டுப் பெருசா அந்த உறுப்ப வரைஞ்சிருக்காங்க. கை பெருசா, உதடு பெருசா, முதுகு சின்னதா. மாசானம் அட்டைய வெட்டி ஒட்டிருக்கான்.” “சரி, வாசி.” “படத்த நான் என்னத்த வாசிக்க? நீங்கதான் தடவிப் பாத்துச் சொல்லணும்.” அதுவும் நியாயம்தான். எழுத்து இயந்திரம் போடுவது. படம் கையால் வெட்டி ஒட்டி அதன்மேல் தாளை வைத்து அழுத்தி எடுப்பது. குரலைக் கேட்டு ‘ம்’ கொட்ட இதில் குரல் இல்லை. அவர் இரண்டு கையையும் தாளில் வைத்தார். மேடு இருந்தது. பெரிய மேடு ஒன்று, இன்னொன்று, இன்னும் கீழே ஒன்று. கையா, உதடா, சாணி உருண்டையா, சத்தியமாகத் தெரியவில்லை. பக்கத்தில் ரவை ரவையாகப் பெயர்கள். விரலை மெதுவாக ஓட்டினார், வேகமாக ஓட்டினார், அழுத்தினார், அழுத்தம் குறைத்தார். ஏறு, ஏறித் தொலை, தோளுக்குப் போ, மறுபக்கம் மாறு என்று விரலிடம் கெஞ்சினார், திட்டினார். அவள் மூச்சு விடுவது கேட்டது. இவ்வளவு நேரம் ஒரு படத்தைத் தடவுகிறவன் மெய்ப்புத் திருத்துகிறவனா? “நல்லா ஒட்டிருக்கான்” என்றார். “சரியா இருக்கா அண்ணாச்சி?” “சரியாத்தான் இருக்கு.” “துளை போடட்டா?” “நானே போடுதேன்.” போட்டார். டக். அவள் அப்போது சொன்ன “சரி” ஒரு மாதிரியாக இருந்தது. சோற்றுமணி அடித்தது. நாற்காலியைத் தள்ளி எழுந்தாள், போகிற போக்கில், அடுத்த பத்தியில் ஒரே ஒரு வரியைத் தனக்குத்தானே சொல்வதுபோல வாசித்துவிட்டுப் போனாள்: “உதட்டிலும் நாக்கு நுனியிலும்கூட உணர்விகள் ஏறக்குறைய விரல் நுனி அளவுக்கே நெருக்கமாக உள்ளன.” செருப்பு தேய்ந்துகொண்டே வாசலைத் தாண்டிப் போனது.

அறை காலியானது. காலி அறைக்கு ஒரு சத்தம் உண்டு, சுவர்கள் கொஞ்சம் தள்ளிப் போனமாதிரி. தூக்குச்சட்டியில் ரூபி கொடுத்த கோதுமைச் சோறு இருந்தது, திறக்கவில்லை. உதடாம். உதட்டை வைத்து என்ன செய்ய? பள்ளிக்கூட விடுதியில் ஒரு அண்ணன் இருந்தார், தொழுநோயில் விரல் மழுங்கிப் போனவர், பைபிளை முகத்துக்கு நேரே தூக்கி உதட்டால் படிப்பார். பையன்கள் அவர் புத்தகத்துக்கு முத்தம் கொடுக்கிறார் என்று கேலி செய்வார்கள். இவரும் செய்திருக்கிறார், மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடுதலாகவே. அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அந்த நினைப்புத்தான் இத்தனை மாதமாக, தெரிந்தும் தெரியாததுபோல, இந்தப் பக்கமே வரவிடாமல் தடுத்திருக்க வேண்டும். தாளை எடுத்தார். காதைத் தீட்டிக்கொண்டார். தூரத்தில் குழாயடியில் யாரோ கை கழுவுகிறார்கள். தாளைத் தூக்கி வாய்க்கு நேரே கொண்டுவந்து, கீழுதட்டை மெதுவாக முதல் வரியில் வைத்து இழுத்தார். ஒன்றும் இல்லை, கூச்சம் மட்டும். மறுபடி. புள்ளி. ஐயோ, புள்ளி. தனியாக, உருண்டையாக, பக்கத்தில் இன்னொன்று, நடுவில் காலி இடம். இரண்டு புள்ளி இரண்டாகவே தெரிந்தது. ‘ப’. அப்புறம் ‘ட’. ‘படம்’. நாலு மாதத்துக்குப் பிறகு யாரும் வாசித்துக் காட்டாமல் அவர் படித்த முதல் வார்த்தை. கண்ணீர் வந்தது, தாள் நனையுமே என்று அதற்கும் எரிச்சல்பட்டுப் புறங்கையால் துடைத்தார். கீழே இறங்கினார். ஒரு பெயர், ‘கால்’. சரி, காலைப் பார்ப்போம் என்று உதட்டைப் பக்கத்து மேட்டுக்கு நகர்த்தினார். தடிப்பாக, வளைந்து, நடுவில் பிளந்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஒரு உருவம். அவருடைய உதட்டில் இன்னொரு உதடு தட்டியது. கால் என்று எழுதிய இடத்தில் உதடு. பதறிப்போய் மேலே ஏறினார். ‘உதடு’ என்று எழுதியிருந்த இடத்தில் ஐந்து விரலோடு பாதம். மாசானம் அட்டையைத் தலைகீழாக ஒட்டியிருந்தான். மூலையில் அவர் போட்ட துளை இருந்தது. அதையும் உதட்டால் தொட்டுப் பார்த்தார். எவ்வளவு சுத்தமான வட்டம். காஷ்மீருக்கு மேலே கன்னியாகுமரி. அந்த நாலு பெரியவர்கள் அறைக்குள் நின்று சிரித்தார்கள்.

“தலைகீழா இருக்குல்லா?” என்று வாசலிலிருந்து பேச்சியம்மா கேட்டாள். தாள் கையிலிருந்து நழுவியது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள்? செருப்புச் சத்தம் கேட்கவில்லையே, கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறாள், கள்ளி. “எனக்குப் பாத்த உடனே தெரிஞ்சுது அண்ணாச்சி. நீங்க சொல்லுவியளான்னு பாத்தேன்.” “அப்ப நீ என்னய சோதிச்சுப் பாத்திருக்க.” “ஆமா.” “எத்தன நாளா தெரியும்?” பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “மூணு நாளைக்கு மேல எந்தத் தொண்டையும் கட்டாது அண்ணாச்சி. புள்ளி எழுத்தக் கண்ணால படிக்கக் கத்துக்கிட்டேன். நீங்க போனப்புறம் ஒருமணி நேரம் இருந்து எல்லாத் தாளையும் பாப்பேன். தப்பு இருந்தா மாசானத்துக்கிட்ட நீங்க சொன்னதாச் சொல்லி மாத்திருவேன்.” நன்றி சொல்ல வேண்டிய இடம். அவருக்கு வந்தது கோபம், காது மடல்வரைக்கும் சூடான கோபம். “யாரு ஒன்னய கேட்டா? நான் கேட்டனா? பாவம் பாத்து வேல செய்யச் சொன்னனா?” “நீங்க கேக்கல. நீங்கதான் ஒண்ணுமே கேக்க மாட்டியளே.” அவள் குரலும் ஏறியது. “நாலு மாசமா என் பிள்ளைக்கு சாயங்காலம் பால் காய்ச்சிக் குடுக்க ஆளில்ல, தெரியுமா? நான் எதுக்கு இருந்தேன்? பாவம் பாத்தா? இந்தப் பொஸ்தகம் தப்பாப் போயிரக்கூடாதுன்னு. நீங்கதான நான் வேலைக்கு வந்த முத நாள்ல அந்த இந்தியா படத்தப் பத்திச் சொன்னிய?” சொல்லியிருந்தார். யாரிடம் சொன்னோம் என்பது மறந்தேவிட்டது. கோபத்துக்குப் போக வேறு இடமில்லாமல் அவர் பக்கமே திரும்பிவந்து நின்றது. இந்த நாற்காலியைவிட்டு எழுந்துவிடலாம், தொண்டைக்கு ஆபரேஷன் என்று லீவு போடலாம், இவள் காட்டிக்கொடுக்கமாட்டாள். ஓய்வு பெறும்வரை இன்னும் இரண்டு வருஷம் இப்படியே பூசி மெழுகலாம், இவளும் இருந்து பார்ப்பாள், பிள்ளை பாலில்லாமல் கிடக்கும். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, புள்ளி புள்ளியாக. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தார், அது மரம் என்பதுகூட விரலுக்குச் சரியாகத் தெரியவில்லை.

“புஸ்தகத்த எடு” என்றார். “எதுக்கு?” “எடுன்னா எடு. நான் வாசிக்கேன், நீ பாரு. பழையபடி.” அடுத்த தாளைத் துழாவி எடுத்து, முகத்துக்கு நேரே தூக்கி, உதட்டால் ஒரு வரியைத் தடவினார். பிறகு தாளை இறக்கி, உரக்க, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல விட்டு விட்டுச் சொன்னார்: “தொடு உணர்வு... கருவில்... முதலில் தோன்றும்...” மறுபடி தூக்கினார், தடவினார், இறக்கினார். “...புலன்களில் ஒன்று.” ஒரு வரிக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. எச்சில் பட்ட இடத்தில் தாள் நைந்து புள்ளி அமுங்கியிருக்கும், இந்தத் தாளை மாசானம் மறுபடி அடிக்கத்தான் வேண்டும், இந்தத் தடவை நிஜமாகவே. அசிங்கமாக இருந்தது. மீசை உறுத்தியது, நாளைக்கு மழிக்க வேண்டும் என்று நினைத்தார். “சரி” என்றாள் பேச்சியம்மா. அடுத்த வரி. “சரி.” அடுத்தது தப்பாகப் படித்தார். “இல்ல அண்ணாச்சி, மறுபடி பாருங்க” என்றாள், இரக்கமே இல்லாமல், முன்பெல்லாம் சொல்வதுபோல. மறுபடி பார்த்தார். சாப்பிட்டுவிட்டு ஆட்கள் திரும்பிவருகிற காலடிகள் வராந்தாவில் கேட்டன, வாசலுக்கு வந்ததும் ஒவ்வொன்றாக நின்றன. தாளை வாயிலிருந்து எடுத்துவிட உடம்பு முழுக்கத் துடித்தது. எடுக்கவில்லை. வரியை முடித்துவிட்டுத்தான் இறக்கினார். நாலு மாதம் கழித்து அவர் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் மாசானம் சத்தமாகக் கேட்டான்: “என்ன அண்ணாச்சி, ஒருவழியாத் தொண்டை சரியாயிட்டா?”

“தொண்டைக்கு ஒண்ணுமில்ல மாசானம்” என்றார் ஞானதுரை. “அது எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. விரல்தான் போயிட்டு.” அவர் தாளை மறுபடி உதட்டுக்குக் கொண்டுபோனார்.